துப்பாக்கி வாங்கலாமா என்று கேட்கிறவர்களுக்கு

அமெரிக்காவில் வந்து குடியேறுகிறவர்களுக்கு யாரும் சொல்லித்தராத ஒரு சட்ட விஷயம் உண்டு. தனி மனிதராக உங்களைக் காப்பாற்ற வேண்டிய கடமை போலீஸுக்குக் கிடையாது. கேட்டால் திகைப்பாக இருக்கும். ஆனால் நீதிமன்றங்கள் திரும்பத் திரும்பச் சொல்லியிருப்பது இதைத்தான். போலீஸ் ஊருக்குப் பொதுவாகக் காவல் காக்கும். உங்கள் வீட்டுக்கு வரத் தவறினார்கள் என்று வழக்குப் போட்டு ஜெயிப்பது, வெகு சில விதிவிலக்குகளைத் தவிர, நடக்காத காரியம்.

1975 மார்ச்சில் வாஷிங்டன் டி.சி.யில் ஒரு வீட்டுக் கதவை உடைத்துக்கொண்டு இரண்டு பேர் நுழைந்தார்கள். மாடியில் இருந்த இரண்டு பெண்கள் கீழே தங்கள் தோழி அலறுவதைக் கேட்டு போலீஸுக்கு போன் செய்தார்கள். போலீஸ் வந்தது, கதவைத் தட்டியது, பதில் இல்லை என்று போய்விட்டது. மறுபடி போன் செய்தார்கள். அந்த இரண்டாவது அழைப்புக்கு யாரையும் அனுப்பவே இல்லை. கீழே சத்தம் அடங்கியதும், போலீஸ் வந்துவிட்டது என்று நம்பி இவர்கள் தோழியைக் கூப்பிட்டுக் குரல் கொடுத்தார்கள். மாடியில் ஆள் இருப்பது அப்போதுதான் அந்த இருவருக்கும் தெரிந்தது. அடுத்த 14 மணி நேரம் மூன்று பெண்களும் பட்டதை எழுத எனக்கு மனமில்லை. அவர்கள் தொடுத்த வழக்கை 1981-இல் டி.சி. மேல்முறையீட்டு நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. வாரன் வழக்கு என்று அதைச் சொல்வார்கள்.

காசில் ராக் வழக்கு இன்னும் கொடுமை. 1999-இல் கொலராடோ மாநிலத்தின் காசில் ராக் ஊரில் ஒரு தாய், பிரிந்துபோன கணவன் நெருங்கக் கூடாது என்று நீதிமன்ற ஆணை வாங்கி வைத்திருந்தார். அவன் மூன்று மகள்களையும் கூட்டிக்கொண்டு போய்விட்டான். அந்தத் தாய் மாலையிலிருந்து நள்ளிரவுக்கு மேலும் போலீஸை அழைத்துக்கொண்டே இருந்தார், நேரிலும் போய் நின்றார். விடிவதற்கு முன் அவன் போலீஸ் நிலையத்துக்கே வந்து சுட்டான், திருப்பிச் சுட்டதில் செத்தான். அவன் வண்டிக்குள் மூன்று குழந்தைகளும் பிணமாகக் கிடந்தார்கள். 2005-இல் உச்ச நீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அந்தத் தாய்க்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஆணை இருந்தாலும் அதைப் போலீஸ் அமல்படுத்தியே தீர வேண்டும் என்று கேட்கும் உரிமை அவருக்கு இல்லையாம்.

இந்த இரண்டையும் படித்த பிறகு, "நம்மை நாம்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்று துப்பாக்கி ஆதரவாளர்கள் சொல்வதை என்னால் சிரித்து ஒதுக்க முடியவில்லை. நான் ஃபார்மசிஸ்ட். டாலஸுக்கு வடக்கே ஒரு புறநகரில் வேலை. வாரத்தில் பாதி நாள் இரவில் கடையைப் பூட்டிவிட்டு வருகிறவள். வலி மாத்திரை கேட்டு மிரட்டுகிறவர்களை எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரியும். என்னிடம் ஒரு கைத்துப்பாக்கி இருக்கிறது. அதை எடுத்துக்கொண்டு வெளியே நடமாட டெக்சஸ் கொடுக்கும் கேரி லைசென்ஸும் இருக்கிறது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இனி எழுதப்போவதைப் படித்தால் நான் துப்பாக்கிக்கு எதிரி என்று சிலருக்குத் தோன்றும்.

எங்கள் ஊர்த் தமிழ் வாட்ஸ்அப் குழுவில் எங்காவது ஒரு வீட்டில் திருட்டு நடந்த மறுநாள் எனக்குத் தனியாக ஒரு செய்தி வரும். "அக்கா, நீங்க வச்சிருக்கீங்கல்ல, எது வாங்கலாம்? நைன் எம்எம் போதுமா?" என்ன விலை, எந்தக் கம்பெனி, பெண்கள் கைக்கு அடங்குமா, இவ்வளவுதான் கேள்வி. நான் பதிலுக்கு முதலில் கேட்பது, "தம்பி, நீங்க எந்த விசாவுல இருக்கீங்க?"

சிரிக்காதீர்கள், முக்கியமான கேள்வி அது. ஹெச்-1பி, ஹெச்-4, எஃப்-1, எல்-1 போன்ற தற்காலிக விசாக்களில் வந்தவர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 2022-இல் வந்த சட்டத்துக்குப் பிறகு அதிகபட்சத் தண்டனை 15 ஆண்டு. விதிவிலக்கு ஒன்று உண்டு, அது வேடிக்கையானது: ஏதாவது ஒரு மாநிலத்தின் செல்லுபடியாகும் வேட்டை லைசென்ஸ் கையில் இருந்தால் தடை விலகிவிடும். மான் சுட அனுமதிச் சீட்டு எடுத்த சாஃப்ட்வேர் பொறியாளர் துப்பாக்கி வாங்கலாம், எடுக்காதவர் நண்பரின் துப்பாக்கியை வாங்கி ரேஞ்சில், அதாவது சுடும் பயிற்சிக் களத்தில், ஒரு முறை சுட்டுப் பார்த்தாலே சிக்கல். வார இறுதியில் நண்பர்களோடு ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடுகிற பிள்ளைகளுக்கு இது தெரியவே தெரியாது. கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம், டெக்சஸில் வைத்துக்கொண்டு வெளியே போகவும் செய்யலாம். ஆனால் துப்பாக்கி தொடர்பான குற்றத்தில் தண்டிக்கப்பட்டால் கிரீன் கார்டுக்காரரை நாடு கடத்தலாம். கிரீன் கார்டு வரிசையில் தங்கள் முறை வர, அதாவது பிரையாரிட்டி டேட்டுக்கு, பத்து வருடம் காத்திருந்தவர்கள் இதை ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும்.

அடுத்த கேள்வி: எதற்காக வேண்டும்? பெரும்பாலும் பதில், தங்கம்.

தெற்காசியர் வீடுகளில் நகை இருக்கும் என்று தெரிந்து குறிவைத்துத் திருடும் கும்பல்களைப் பற்றிப் பல மாநிலங்களின் போலீஸ் எச்சரித்திருக்கிறது. பயம் நியாயமானதுதான். ஆனால் இந்தத் திருடர்கள் எப்போது வருகிறார்கள்? நோட்டம் பார்த்து, நீங்கள் கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ வேலைக்கோ போன நேரத்தில். வீட்டில் ஆள் இருந்தால் அவர்களுக்கு வேலை ஆகாது. அப்படியானால் உங்கள் துப்பாக்கி அந்தத் திருடனைச் சந்திக்கிற ஒரே தருணம் அவன் உங்கள் பீரோவைத் திறக்கும்போதுதான். நகையோடு அதையும் எடுத்துக்கொண்டு போவான். நாளைக்கு வேறொரு ஊரில் வேறொருவரைக் கொல்ல அது பயன்படும். தங்கத்துக்கு பேங்க் லாக்கர் போடுங்கள், கதவுக்கு நல்ல தாழ்ப்பாள் போடுங்கள், அலாரம் வையுங்கள், குடும்பமாக ஊருக்குப் போகும்போது விமான நிலையத்திலிருந்து ஃபேஸ்புக்கில் போடாதீர்கள். இதையெல்லாம் சொன்னால் கேட்டவருக்கு சுவாரசியம் போய்விடும். "சரிக்கா" என்று முடித்துக்கொள்வார்.

சிலர் விடமாட்டார்கள். டெக்சஸில் சொத்துக்காகவும் சுடலாமே என்பார்கள். உண்மைதான், இந்த மாநிலச் சட்டம் அதில் விசித்திரமானது. தண்டனைச் சட்டத்தின் 9.42-ஆம் பிரிவு, இரவில் நடக்கும் திருட்டைத் தடுக்கவும், பொருளோடு ஓடுகிறவனைத் தடுக்கவும், வேறு வழியில் பொருளை மீட்க முடியாது போன்ற நிபந்தனைகளோடு உயிர்பறிக்கும் பலத்தை அனுமதிக்கிறது. 2007 நவம்பரில் ஹூஸ்டனை ஒட்டிய பாசடீனாவில் 61 வயதுக்காரர் ஒருவர் பக்கத்து வீட்டில் திருடிவிட்டு வெளியே வந்த இருவரைச் சுட்டுக் கொன்றார். அப்போது அவர் 911 என்ற அவசர உதவி எண்ணின் இணைப்பில் இருந்தார். வெளியே போகாதீர்கள் என்று மறுமுனையில் திரும்பத் திரும்பச் சொல்லியும் போனார். வழக்குத் தொடரலாமா என்று முடிவு செய்யும் பொதுமக்கள் குழுவான க்ராண்ட் ஜூரி அவர்மேல் குற்றம் சாட்ட மறுத்துவிட்டது. சட்டப்படி அவர் தப்பினார். இரண்டு பேர் செத்தது பக்கத்து வீட்டுக்காரரின் பொருளுக்காக. என் தாலிக்கொடிக்காக ஒருவனைக் கொல்லலாம் என்று சட்டம் சொன்னாலும் நான் கொல்ல மாட்டேன். இதை வாங்குவதற்கு முன்பே தீர்மானித்துவிட வேண்டும். அர்த்தராத்திரியில் கை நடுங்கும்போது தீர்மானிக்கிற விஷயமா இது?

டெக்சஸில் துப்பாக்கி வைத்துக்கொண்டு நடமாடும் உரிமை எப்படி வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. 1991 அக்டோபர் 16 அன்று கில்லீன் நகரில் லூபீஸ் உணவகத்துக்குள் ஒருவன் வண்டியை மோதி நுழைத்து 23 பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே அப்பா அம்மாவோடு சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் சுசான்னா ஹப். அவருக்குச் சொந்தமாக ரிவால்வர் இருந்தது. ஆனால் மறைத்து வைத்துக்கொண்டு நடப்பது அன்றைய சட்டப்படி குற்றம், பிடிபட்டால் தன் கைரோபிராக்டர் (முதுகெலும்பு வைத்தியர்) லைசென்ஸ் போய்விடும் என்று பயந்து அதைக் காரில் விட்டுவிட்டு வந்திருந்தார். கைப்பையைத் தேடியபோதுதான் அது நினைவுக்கு வந்தது. அவர் ஜன்னல் வழியாகத் தப்பினார். அப்பாவும் அம்மாவும் செத்துப்போனார்கள். பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ச் சாட்சி சொன்னார், சட்டமன்ற உறுப்பினரும் ஆனார். 1995-இல் ஜார்ஜ் டபிள்யூ. புஷ் ஆளுநராக இருந்தபோது கையெழுத்திட்ட சட்டத்தின்படி லைசென்ஸ் முறை வந்தது. 2021 செப்டம்பர் முதல் அந்த லைசென்ஸும் தேவையில்லை.

ஹப்பின் கதையைக் கேட்டு மனம் மாறாமல் இருப்பது கஷ்டம். நானும் அதனால்தான் கேரி லைசென்ஸுக்கான வகுப்பில் சேர்ந்தேன். சேர்ந்த பிறகு தெரிந்தது, என் துப்பாக்கியும் அவருடையதைப் போலவே காரில்தான் கிடக்கப்போகிறது என்று. நான் வேலை செய்யும் நிறுவனம் ஊழியர்கள் துப்பாக்கியோடு உள்ளே வரக் கூடாது என்கிறது. அது அவர்கள் உரிமை. 2011-இல் வந்த மாநிலச் சட்டத்தால், வாகன நிறுத்தத்தில் பூட்டிய காருக்குள் வைப்பதை மட்டும் அவர்களால் தடுக்க முடியாது. ஆக நான் பயப்படுவது கடைக் கதவிலிருந்து கார் வரை நடக்கிற அந்தக் கொஞ்ச தூரத்துக்கு. துப்பாக்கி இருப்பது அந்த தூரத்தின் மறுமுனையில். அதற்கு மேல், நகரங்களில் திருடு போகும் துப்பாக்கிகளில் பெரும்பங்கு கார்களிலிருந்துதான் போகிறது.

கடைசியில் அந்தத் தூரத்துக்கான விடை கைத்துப்பாக்கியாக இருக்கவில்லை. பூட்டும்போது இரண்டு பேர் சேர்ந்து வெளியே வருவது என்று டெக்னீஷியன்களோடு பேசி வைத்தோம். காரை மாலையிலேயே விளக்குக் கம்பத்தடிக்கு மாற்றி நிறுத்துகிறோம். போன் காதில் இருக்கக் கூடாது, கண் நிமிர்ந்திருக்க வேண்டும். பெப்பர் ஸ்ப்ரே கையில், கைப்பையின் அடியில் வைக்காமல் கையிலேயே. இதெல்லாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ள எதுவுமில்லாத ஏற்பாடுகள், ஆனால் வேலை செய்கிறவை. துப்பாக்கியை நான் உடம்போடு வைத்துக்கொள்வது ஹூஸ்டனில் இருக்கும் தங்கையைப் பார்க்க இரவில் தனியாக வண்டி ஓட்டும்போது, அப்புறம் வேறு ஓரிரண்டு சந்தர்ப்பங்களில். மற்ற நாள் முழுக்க அது பெட்டிக்குள் இருக்கும்.

வகுப்பைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். லைசென்ஸுக்கான தேர்வில் 50 தோட்டா சுட வேண்டும்: 3 கஜத்தில் 20, 7 கஜத்தில் 20, 15 கஜத்தில் 10. நூற்றுக்கு எழுபது எடுத்தால் பாஸ். காகித மனிதன் அசையாமல் நிற்பான். உறையிலிருந்து உருவத் தேவையில்லை. நீங்களும் அசைய வேண்டாம். என்னோடு அன்று சுட்டவர்களில் துப்பாக்கியை அதற்கு முன் பிடித்தே பார்க்காதவர்களும் இருந்தார்கள், அவர்களும் பாஸ்தான்.

நிஜத்தில் என்ன நடக்கும்? சால்ட் லேக் சிட்டி போலீஸில் பயிற்சி கொடுத்த டென்னிஸ் டூலர் 1983-இல் ஒரு கணக்கை எழுதினார். கத்தியோடு 21 அடி தூரத்தில் நிற்பவன் உங்களை வந்தடைய ஆகும் நேரம் சுமார் ஒன்றரை நொடி. பழகியவர் துப்பாக்கியை உருவிச் சுடவும் கிட்டத்தட்ட அதே நேரம்தான் ஆகும். பழகாதவர், சட்டைக்கு அடியிலோ கைப்பைக்குள்ளோ வைத்திருப்பவர்? அவர் கையில் துப்பாக்கி வருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். குறி தப்புவது இன்னொரு கதை. நியூயார்க் போலீஸைப் பற்றி ராண்ட் என்ற ஆய்வு நிறுவனம் 2008-இல் கொடுத்த அறிக்கைப்படி, எதிராளியும் சுடுகிற மோதல்களில் போலீஸார் சுட்டதில் இலக்கில் பட்டது 18 சதவீதம். சம்பளம் வாங்கிக்கொண்டு பயிற்சி பெறுகிறவர்களின் கணக்கு இது. மீதி 82 சதவீதத் தோட்டாக்களும் எங்கேயோ போய் விழத்தானே செய்யும்? 2012 ஆகஸ்டில் எம்பயர் ஸ்டேட் கட்டடத்தின் முன்னால் இரண்டு போலீஸார் ஒரு கொலைகாரனை நோக்கி 16 முறை சுட்டார்கள். வழிப்போக்கர்கள் 9 பேர் காயப்பட்டார்கள், அத்தனையும் போலீஸ் தோட்டாவால்.

எங்கள் பயிற்சியாளர் ராணுவத்தில் இருந்தவர், அதிகம் பேசாதவர். அவர் சொன்னதில் எனக்கு மறக்காதது, உன் துப்பாக்கியிலிருந்து கிளம்பும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் பின்னால் ஒரு வக்கீல் ஒட்டியிருப்பார் என்பது. அந்த வட்டாரத்தில் எல்லோரும் சொல்லும் பழைய வசனம்தானாம் அது. எனக்கு வக்கீலைவிட அந்தத் தோட்டா போய்ச் சேரும் இடம்தான் கவலை.

ஒன்றைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. துப்பாக்கி வைத்திருந்த சாதாரண மனிதர்கள் உயிர்களைக் காப்பாற்றியிருக்கிறார்கள். 2022 ஜூலை 17 அன்று இண்டியானாவின் கிரீன்வுட் மாலில் ஒருவன் மூன்று பேரைச் சுட்டுக் கொன்றான். அங்கே தோழியோடு வந்திருந்த 22 வயது இளைஞர் ஒருவர் சில நொடிகளிலேயே, சுமார் 40 கஜ தூரத்திலிருந்து, அவனைச் சுட்டு வீழ்த்தினார். லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம் என்ற சட்டம் அந்த மாநிலத்தில் அமலுக்கு வந்து அப்போது மூன்று வாரம்கூட ஆகவில்லை. 2019 டிசம்பரில் ஃபோர்ட் வர்த் பக்கத்தில் வைட் செட்டில்மென்ட் ஊரின் தேவாலயத்தில் ஆராதனை நடக்கும்போது ஒருவன் இரண்டு பேரைச் சுட்டான். ஆறே நொடியில் அவனை வீழ்த்தியவர் தேவாலயத்தின் தன்னார்வக் காவல் குழுத் தலைவர். அவர் மற்றவர்களுக்குச் சுடக் கற்றுக்கொடுக்கிறவர், முன்பு ரிசர்வ் டெபுட்டியாக, அதாவது போலீஸுக்குத் துணைக் காவலராக, இருந்தவர். எங்கள் கோயில் கமிட்டியில் "நம்ம ஆளுங்க நாலு பேர் வச்சுக்கிட்டா போதும்" என்று பேச்சு வந்தபோது நான் இதைத்தான் சொன்னேன்: அந்த ஆளைப் போல நம்மில் யார் இருக்கிறார்கள்?

இதற்கு மறுபக்கமும் நடந்திருக்கிறது. 2021 ஜூனில் கொலராடோவின் அர்வாடாவில் ஒருவன் ஒரு போலீஸ் அதிகாரியைச் சுட்டுக் கொன்றான். பக்கத்துக் கடையில் இருந்த ஒருவர் வெளியே வந்து தன் கைத்துப்பாக்கியால் அவனைச் சுட்டார், அவன் வைத்திருந்த ரைஃபிளையும் எடுத்து அப்புறப்படுத்தப் பார்த்தார். அந்த நேரத்தில் வந்த இன்னொரு போலீஸ்காரர், கையில் ரைஃபிளோடு நிற்கிற இவர்தான் கொலைகாரன் என்று நினைத்துச் சுட்டுவிட்டார். எல்லாம் சரியாகச் செய்த மனிதர் செத்துப்போனார். என் தோல் நிறத்தோடு, என் உச்சரிப்போடு, கையில் துப்பாக்கியோடு போலீஸ் வரும் நேரத்தில் நான் நின்றால் எனக்கு எத்தனை நொடி அவகாசம் கிடைக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

நம் மக்கள் இந்த விவாதத்தில் எப்போதும் தங்களைக் கதவுக்கு உள்ளே நிற்கிறவர்களாகவே கற்பனை செய்துகொள்கிறார்கள். நான் கதவுக்கு வெளியே நின்றவர்களையும் நினைக்கிறேன். 1992 அக்டோபரில் லூசியானாவின் பேட்டன் ரூஜில் 16 வயது ஜப்பானிய மாணவன் யோஷிஹிரோ ஹத்தோரி, ஹாலோவீன் விருந்துக்குப் போகிற வழியில் தப்பான வீட்டு வாசலில் போய் நின்றான். வீட்டுக்காரர் பெரிய ரிவால்வரோடு வெளியே வந்து நில் என்று கத்தினார். பையன் புரியாமல் அவரை நோக்கி நடந்தான். ஒரே ஒரு தோட்டா. ஜூரி அவரை விடுதலை செய்தது. பெற்றோர் தொடுத்த சிவில் வழக்கில் மட்டும் சுமார் 6.5 லட்சம் டாலர் இழப்பீடு தீர்ப்பானது. முப்பது வருடம் கழித்து, 2023 ஏப்ரலில், கேன்சஸ் சிட்டியில் தம்பிகளைக் கூப்பிடப் போன 16 வயது கறுப்பினப் பையன் தெருப் பெயர் குழம்பி வேறு வீட்டு அழைப்பு மணியை அடித்தான். உள்ளே இருந்த 84 வயது முதியவர் கண்ணாடிக் கதவு வழியாகவே சுட்டார், தலையிலும் கையிலும். பையன் பிழைத்தது அதிர்ஷ்டம். அதே வாரம் நியூயார்க் மாநிலத்தின் கிராமப்புறத்தில் தவறான வீட்டுப் பாதையில் திரும்பிய காரில் இருந்த 20 வயதுப் பெண் சுடப்பட்டுச் செத்தாள். சுட்டவனுக்கு 25 வருடம் முதல் ஆயுள் வரை தண்டனை கிடைத்தது.

இந்த மூன்று பேரும் திருட வந்தவர்கள் இல்லை. சுட்ட மூன்று பேரும் தங்கள் வீட்டைக் காப்பதாகத்தான் நினைத்திருப்பார்கள். என் மகனுக்கு 15 வயது, கறுத்த உயரமான பையன், வழி தெரியாமல் அடுத்த வீட்டு மணியை அடிப்பதில் கெட்டிக்காரன். தற்காப்புப் பொறுப்பு என்று பேசும்போது, கதவுக்கு வெளியே நிற்பது யார் என்று தெரிந்துகொள்ளும் பொறுப்பும் அதில் சேர வேண்டாமா? துப்பாக்கிப் பயிற்சியின் அடிப்படை விதிகளிலேயே இது இருக்கிறது: இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன என்று உறுதியாகத் தெரியாமல் விரல் விசைக்குப் போகக் கூடாது. விதி சுலபம். இருட்டில், தூக்கக் கலக்கத்தில், கண்ணாடி போடாமல் அதைக் கடைப்பிடிப்பதுதான் கடினம். அதனால் என் படுக்கை அறையில் துப்பாக்கிப் பெட்டிக்கு முன்னால் வருவது நல்ல டார்ச் ஒன்றும் வாசல் கேமராவும்.

மகன் பேச்சை எடுத்ததால் இதையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்க் குழுக்களில் யாரும் பேசாத விஷயம். 2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கும் மேல். ஆண்டுக்கு எத்தனை பேர் துப்பாக்கியால் தங்களைக் காத்துக்கொள்கிறார்கள் என்பதில் ஆய்வாளர்களுக்குள் பெரிய சண்டை, ஒருவர் 25 லட்சம் என்பார், அரசுக் கணக்கெடுப்பு ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழோ நிற்கும். தற்கொலைக் கணக்கில் அந்தச் சண்டைக்கு இடமில்லை, ஏனென்றால் அவை இறப்புச் சான்றிதழ்கள். ஹூஸ்டனில் தற்கொலைக்கு முயன்று பிழைத்த இளம் வயதினரிடம் நடத்திய ஓர் ஆய்வில், ஏறக்குறைய நால்வரில் ஒருவர் முடிவெடுத்ததற்கும் செய்ததற்கும் இடையில் ஐந்து நிமிடம்கூட இல்லை என்றார்கள். மற்ற வழிகளில் முயல்கிறவர்களில் பெரும்பாலோர் பிழைத்துவிடுகிறார்கள். துப்பாக்கியில் அந்த இரண்டாவது வாய்ப்பு பெரும்பாலும் கிடைப்பதில்லை. பரீட்சை, காதல், அப்பாவின் எதிர்பார்ப்பு, இவற்றால் ஒடிந்துபோகிற பிள்ளைகள் நம் வீடுகளில் இல்லையா? வீட்டுக்குள் ஒரு துப்பாக்கி வந்தால் முதல் ஆபத்து வாசலில் வருகிறவனுக்கு இல்லை.

17 வயதுக்கு உட்பட்டவர் கையில் எட்டும்படி குண்டு நிரப்பிய துப்பாக்கியை வைப்பது டெக்சஸில் குற்றம். ஆனால் பெட்டி வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டாயம் இல்லை. நான் துப்பாக்கிக்கு முன் பெட்டியை வாங்கினேன். எண் பூட்டு எனக்கு மட்டும் தெரியும், கணவருக்குக்கூடச் சொல்லவில்லை. அவருக்கும் அது வேண்டாம். அவர் இதற்கு எதிர்ப்புத்தான், இன்றுவரை. "நீ வச்சுக்கோ, நம்ம வீட்ல வேண்டாம்னுதான் நான் சொல்வேன்" என்பார். அவர் வாதத்தில் தப்பு இல்லை. என் வாதத்திலும் தப்பு இல்லை என்று நினைக்கிறேன். ஒரு விஷயத்தில் மட்டும் ஒப்பந்தம் போட்டிருக்கிறோம்: வீட்டில் யாருக்காவது மனசு சரியில்லை என்று தோன்றினால், என்னையும் சேர்த்துத்தான், காரணம் கேட்காமல் அது அன்றைக்கே வீட்டை விட்டுப் போக வேண்டும். தங்கை கணவர் வாங்கி வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.

துப்பாக்கி இடுப்பில் இருக்கும் நாளில் என் நடத்தை மாறுகிறது. வண்டியை யாராவது குறுக்கே வெட்டினால் ஹாரன்கூட அடிப்பதில்லை. நானாகச் சண்டையைத் தொடங்கினேன், தூண்டினேன் என்று ஆகிவிட்டால் தற்காப்பு என்ற வாதமே சரிந்துவிடும், சட்டம் அப்படி. அதனால் விட்டுக்கொடுத்துப் போகிறேன். ஒரு டம்ளர் வைன்கூடக் கிடையாது. என் லைசென்ஸை ஏற்காத மாநிலத்துக்குப் பயணம் என்றால் வீட்டிலேயே விட்டுவிடுகிறேன். டெக்சஸ் லைசென்ஸை நியூ ஜெர்சியும் நியூயார்க்கும் கலிஃபோர்னியாவும் ஏற்பதில்லை. நியூ ஜெர்சியின் எடிசனில் மாமா வீட்டுக்கு வண்டியிலேயே போகிறேன் என்று கிளம்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும், அங்கே தண்டனை கடுமை. சுருக்கமாகச் சொன்னால், இது எனக்குத் துணிச்சலைக் கொடுக்கவில்லை. கோபப்படும் உரிமையைப் பறித்துக்கொண்டது. அந்த மாற்றம் யாருக்கு வரவில்லையோ, இடுப்பில் அது இருப்பதால் யாருக்கு நெஞ்சு நிமிர்கிறதோ, அவர் எடுத்துக்கொண்டு நடக்கத் தகுதியானவர் இல்லை என்பது என் கட்சி. சட்டம் அப்படிச் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

வாரன் வழக்கின் பெண்களிடம் துப்பாக்கி இருந்திருந்தால் கதை மாறியிருக்கலாம். எனக்கு அதில் சந்தேகமில்லை, அதனால்தான் வைத்திருக்கிறேன். ஆனால் அவர்களுடைய அந்த இரவு என் வாழ்க்கையில் வரும் வாய்ப்பு எவ்வளவு, என் மகனுடைய மோசமான ஒரு மாலை வரும் வாய்ப்பு எவ்வளவு என்று ஒப்பிட்டால், என் கணக்கு நூலிழையில்தான் துப்பாக்கி பக்கம் நிற்கிறது. இரவு வேலை இல்லாத, மருந்துக் கடையில் நிற்காத, பயிற்சிக்கு நேரம் ஒதுக்க மனமில்லாத ஒருவருக்கு அது மறுபக்கம் சாயும் என்றே நினைக்கிறேன். "வாங்கி வச்சா ஒரு தைரியம்தானேக்கா" என்று கேட்டவர்களிடம் அப்படியே சொல்லியிருக்கிறேன். சிலர் கோபித்துக்கொண்டார்கள். இருவர் கேமரா வாங்கினார்கள். ஒருவர் நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, அடுத்த வாரமே மூன்று துப்பாக்கி வாங்கினார். என்ன செய்ய?

என் லைசென்ஸ் அடுத்த ஆண்டு காலாவதியாகிறது. டெக்சஸுக்குள் அது இனித் தேவையில்லை, இருந்தாலும் அதை ஏற்கும் மற்ற மாநிலங்களுக்காகப் புதுப்பிப்பேன். புதுப்பிக்க ஆன்லைனில் விண்ணப்பித்துப் பணம் கட்டினால் போதும், சுட்டுக் காட்டச் சொல்வதில்லை. அதனால் பழைய பயிற்சியாளரிடமே நாள் கேட்டிருக்கிறேன். உறையிலிருந்து உருவி, நகர்ந்துகொண்டு, மங்கிய வெளிச்சத்தில் சுடும் தேர்வு வைக்கச் சொல்லியிருக்கிறேன், மதிப்பெண்ணை அவரே முடிவு செய்யட்டும். போதாது என்று அவர் சொன்னால் விற்றுவிடப்போகிறேன். கணவர் அவருக்கு போன் செய்து கண்டிப்பாகத் திருத்தச் சொல்லப்போவதாக மிரட்டிக்கொண்டிருக்கிறார்.